எருக்குழி ஓரத்து மண்

மக்காச்சோளத் தோகை ஒன்றைக் கிள்ளி வெயிலில் தூக்கிப் பார்த்தார் டீச்சர். நுனியில் தொடங்கிய மஞ்சள் நடுநரம்பு வழியாகக் கீழே இறங்கியிருந்தது. சத்து கிடைக்காமல் பயிர் பட்டினி கிடக்கிறது. ஆனால் இதே வயலின் மண்ணைத் தன் கையாலேயே சோதித்து, "இந்தப் போகம் உரமே வேண்டாம்" என்று சொன்னவரும் அவர்தான். எப்படி இது?

ஊரார் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஏனம்மா’. அந்த வட்டாரத்திலிருந்து வேளாண்மைக் கல்லூரியில் முதன்முதலாகப் போய் உட்கார்ந்த பெண் அவர். உனக்கு எதற்கு இந்தப் படிப்பு என்றவர்களை எல்லாம் "ஏன் கூடாது?" என்று திருப்பிக் கேட்டே பட்டம் வாங்கிவிட்டார். இப்போது விவசாயிகளுக்கு வகுப்பு நடத்துகிறார். காரணம் தெரியாத எதுவும் அவரைத் தூங்க விடாது.

நிலத்துக்காரர் மீசைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இந்தப் போகமும் போனால் நிலத்தைச் செங்கல் சூளைக்காரரிடம் தள்ளிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார் மனுஷன். அவர் மனைவியோ நாலு நாளாக யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வரப்பின் மறுமுனையில் களைக்கொத்தும் கையுமாக நின்றாள்.

டீச்சர் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளி நசுக்கினார். வெளிறிப்போய்ப் பொலபொலவென்று உதிர்ந்தது. அன்று சோதனைக்கு மீசைக்காரர் கொண்டுவந்த மண் கறுத்து, ஈரம் கோத்து, என்ன ஜோராக இருந்தது! அதை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். நம்ம வயலில்தான் என்றார் மீசைக்காரர். வயலில் எந்த இடம் என்று விடாமல் பிடித்ததும், மென்று விழுங்கிக்கொண்டு, வயலை ஒட்டிய தன் வீட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இருந்தது எருக்குழி. துவைத்த சட்டை அழுக்காகிவிடுமே என்று, போகிற போக்கில் அதன் ஓரத்திலேயே ஒரு கை அள்ளிப் பையில் போட்டிருக்கிறார்!

டீச்சருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. எரு கிடக்கும் இடத்தில் மண் எடுக்கக்கூடாது என்று வகுப்பில் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தேனே என்றார். அப்போது கண் அசந்துவிட்டதாக மீசைக்காரர் ஒப்புக்கொண்டார்.

அதுவரை தள்ளி நின்ற மனைவி அருகே வந்தாள்.

"எப்பவும் போடுற உரத்தை ஏன் நிறுத்தணும்னு நான் கேட்டேன் டீச்சர். டீச்சரே சொல்லிட்டாங்கன்னு என் வாயை அடைச்சிட்டாரு."

"நீ நேரா வந்து என்னைக் கேட்டிருக்கலாமேம்மா?"

"நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் வகுப்புக்கு வரணும்னு நீங்கதானே பலகை மாட்டி வெச்சிருக்கீங்க?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. தன் வகுப்பை மனதில் பார்த்தார். பெஞ்சு நிறைய ஆண்கள். பேருக்குக்கூட ஒரு பெண் இல்லை. அந்த விதி அவருக்கு முன்பிருந்தே இருந்தது. உலகத்தையே கேள்வி கேட்டவர், அதை மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"கதிர் இன்னும் வரலை. இன்னைக்கே மேலுரம் போட்டுத் தண்ணி விடு, தேறிடும்" என்றார் அவளிடம். மீசைக்காரர் ஓடிப்போய் மூட்டையைத் தூக்கிவந்தார். சூளைக்காரர் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த வகுப்பன்று பலகையை டீச்சரே கழற்றினார். முன்பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீசைக்காரர். அவர் கண் சொருகினால் இடிக்க முழங்கை தயாராக இருந்தது.

டீச்சர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"நான் உள்ள வந்தேன், வந்ததும் எனக்குப் பின்னால கதவைச் சாத்திட்டேன். அது என் தப்பு. நிலம் யார் பேர்ல வேணா இருக்கட்டும். அதுல பாடுபடுறவங்களுக்குப் படிப்பு போய்ச் சேரலைன்னா, பயிரும் பட்டினி, வீடும் பட்டினி."

முன்பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"ஏன் டீச்சர், எருக்குழி ஓரத்துல மட்டும் மண்ணு அப்படிக் கறுத்துக் கிடக்குது?"

டீச்சர் சாக்பீஸை எடுத்தார்.