கார்புரேட்டர் சுரந்த தண்ணீர்

வத்தல்மலையில் ஊற்று வற்றிய கோடையில், குமாரின் பழைய பைக்கிலிருந்து தண்ணீர் வந்தது. சைலன்சரிலிருந்து வந்ததாகச் சிலர் சொல்வது தவறு. கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்துதான் வந்தது.

கம்பைநல்லூரில் யாரோ ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட வண்டி அது. பனிக்காலத்தில் சோக்கைப் போட்டு, கால் மரத்துப்போகும்வரை உதைத்தால்தான் உயிர் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற மூச்சு வாங்கும். குமார் திட்டுவதோடு சரி. கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டின் துளையில் வாய் வைத்து ஊதி மறுபடி பூட்டுவது அவன் மனைவி சோபனாதான். பிறகு இன்ஜெக்‌ஷன் வண்டி வந்தது. பட்டனைத் தொட்டால் போதும். மலையும் தரையும் அதற்கு ஒன்றுதான். கோளாறு என்றால் மட்டும் தர்மபுரிக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். திறக்கவும் மூடவும் அதில் பெட்ரோல் டேப் கிடையாது. ஒரே மாதத்தில் குமாரின் கை டேப்பை மறந்தேவிட்டது. பழையதைத் தோட்டத்துக்கு ஓட்டிப்போய் வந்தவன், பெட்ரோல் ஒழுகும் என்ற நினைப்பில்லாமல் டேப்பை மூடாமலே படுக்கப் போனான். அந்தத் தோட்டத்தில் சோபனா வைத்த காப்பிக் கன்றுகள் வாடிக்கொண்டிருந்தன. அவை செத்தால் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது.

விடிந்தபோது, கோடையிலும் மலையை மூடும் பனியை அந்த வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடவில்லை, சாவி சுவரில் தொங்கியது. ஆனாலும் பனி ஏர் ஃபில்டருக்குள் நூல் நூலாகப் போனது. கீழே சொட்டியதைச் சோபனா மோந்து பார்த்தாள். பெட்ரோல் வாடையே இல்லை. நாக்கில் வைத்தாள், சில்லென்று இனித்தது. கும்பிட்டுவிட்டுக் குடத்தை வைத்தாள். அது நிரம்பியது, அடுத்ததும் நிரம்பியது. வெயில் ஏறியும் நிற்கவில்லை. மதியத்துக்குள் ஊரே வரிசையில் நின்றது, கன்றுகளும் தலை நிமிர்ந்தன.

அந்த வாரமே, முன்பே விலை பேசியிருந்த கடத்தூர் நவநீதன் வண்டியை எடுக்க வந்தார். வாக்குக் கொடுத்துவிட்ட குமார் சுவரிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா. ஆனா இது கீழ எறங்குனா எங்க செடி செத்துரும்," என்றாள் சோபனா.

நவநீதன் நம்பாமல் குனிந்து, குழாய்க்கு அடியில் கையேந்தி ஒரு வாய் குடித்தார். செருப்பைக் கழற்றினார்.

"இதப்போயி நான் எப்படிம்மா காலால ஒதைக்கிறது?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

வருடங்கள் ஓடின. புது வண்டி ஊர் சுற்றியது; பழையது நின்ற இடத்திலேயே சுரந்தது, அதன் டயர்கள் மண்ணில் புதைந்தன. முதல் காப்பி மூட்டையை இன்ஜெக்‌ஷன் வண்டியில் கட்டிக்கொண்டு சோபனா மலை இறங்கினாள். தர்மபுரி வியாபாரி ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு, அந்த வறட்சியில் என்ன தண்ணீர் பாய்ச்சினீர்கள் என்று கேட்டார்.

"எங்க வண்டித் தண்ணிங்க."

"கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?"

"கார்புரேட்டருங்க."

"அதானே," என்று சொல்லி மூட்டையைத் தராசில் ஏற்றினார்.