சிந்துஜாவின் பக்கத்து இலை

நான் பிறந்தது மாசி மாதத்தில். சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் போட்டுக்கொண்ட தேதி அது. இரண்டு தேதிகளையும் எங்கள் வீட்டில் யாரும் கொண்டாடியதில்லை.

2008இல் ஜூன் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று பிறந்த நாள் விருந்து வைக்கப்போகிறேன் என்றதும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாசியில் பிறந்தவளுக்கு இப்போது என்ன விருந்து என்றாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் யாரைக் கூப்பிடப் போகிறாய் என்றும் கேட்டாள்.

யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை நான் முன்பே முடிவு செய்திருந்தேன். சிதம்பரத்தில் என்னோடு எம்.எஸ்சி. விலங்கியல் படித்த சிந்துஜா. எங்கள் இருவருக்கும் ஆய்வு வழிகாட்டியாக இருந்த ராஜவேல் சார். கிள்ளையில் இறால் பிடிக்கும் செல்லாயி. செல்லாயியை மற்ற இருவரும் பார்த்ததே இல்லை.

என் ஆய்வு கிள்ளைப் பக்கத்துக் கழிமுக வாய்க்கால்களில் உள்ள இறால் வகைகளைப் பற்றியது. ஆறு மாதம் செல்லாயியோடு அந்த வாய்க்காலில் இறங்கினேன். எடை, நீளம், உப்புத்தன்மை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பிப்ரவரியில் எனக்கு அம்மை போட்டது. பத்திரமாக வைத்திரு என்று நோட்டை விடுதி அறைத்தோழி சிந்துஜாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது அவள் அதைக் கருத்தரங்கில் தன் பெயரில் வாசித்துப் பரிசும் வாங்கியிருந்தாள். நோட்டு தொலைந்துவிட்டது என்றாள்.

சாரிடம் போய்ச் சொன்னேன். சொன்னேன் என்பதே பெரிய வார்த்தை. பாதியில் அழுகை வந்துவிட்டது. ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தோழிகளுக்குள் போட்டி வேண்டாம், தலைப்பை மாற்றிக்கொள் என்றார். மாற்றிக்கொண்டேன். இப்போது அவருடைய புதிய கடலோரத் திட்டத்துக்கு உதவியாளர் ஒருவரை எடுக்கிறார்கள். விண்ணப்பித்ததில் நானும் சிந்துஜாவும் மட்டும்தான் மிஞ்சியிருந்தோம். புதன்கிழமை முடிவு.

என்னால் பேச முடியாது. செல்லாயி பேசுவாள். அவளுக்கு எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை, சிந்துஜாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும்.

சார் வீடு எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், புதுப்பாளையத்தில். நடந்தே வந்துவிட்டார். சார் வருகிறார் என்று சொல்லியிருந்ததால் சிந்துஜாவும் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினாள். செல்லாயி தூக்குவாளி நிறைய இறால் கொண்டுவந்தாள். அம்மா கேக்கை ஒதுக்கி வைத்துவிட்டு இறால் தொக்கு செய்தாள். நான் கூடத்தில் இலை போட்டேன். சார், அடுத்து சிந்துஜா, அடுத்து செல்லாயி. சிந்துஜா தன் இலையை லேசாக சார் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

நான் பரிமாறினேன். இறால் செல்லாயி கிள்ளையிலிருந்து கொண்டுவந்தது என்றாள் அம்மா. தொக்கைப் புகழ்ந்த சார், இந்தப் பெண் உங்கள் ஊர் வாய்க்காலில் இறங்கித்தான் இறால் ஆராய்ச்சி செய்து பரிசு வாங்கினாள் என்று செல்லாயியிடம் சிந்துஜாவைக் காட்டினார். செல்லாயிக்கு முகம் மலர்ந்தது.

"எங்க வாய்க்காலுக்கா? நான் பாக்கவே இல்லியே. யாரு கூடம்மா எறங்கின?"

அங்கிருந்த ஒரு மீனவர் வீச்சு வலை போட்டுப் பிடித்துக் கொடுத்தார் என்றாள் சிந்துஜா.

செல்லாயி சிரித்துவிட்டாள். "வீச்சு வலையா? அந்தப் பின்னிக் கெடக்குற சுரபுன்னை வேருல வலைய வீசினா அறுத்துத்தாம்மா எடுக்கணும். நாங்க தண்ணியில குந்திகினு கையால தடவித்தான் புடிப்போம். கூடைய பல்லுல கவ்விக்கணும். இதோ, நம்ம பாப்பா நல்லா கத்துக்கிச்சு. மொத நாளு கெளுத்தி குத்தி கையி இம்மாம் பெருசா வீங்கிப்போச்சு. அப்பயும் ஊட்டுக்குப் போவல, நோட்ட எடுத்து எழுதிகினே இருக்குது."

சாரின் கை இலையிலேயே நின்றது. சிந்துஜாவைப் பார்த்தார்.

"வலைன்னுதானே எழுதியிருந்த?"

"நோட்டுல எப்படிப் புடிச்சதுன்னு எழுதல சார். அதான்..."

"யார் நோட்டுல?"

சோற்றுப் பாத்திரத்தோடு சிந்துஜாவின் எதிரில் நின்றேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். எனக்கு அப்படிக் கேட்கத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

சார் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கைகழுவும் இடத்தில் என்னிடம் மெதுவாக, நாளைக்கு டிபார்ட்மெண்டுக்கு வா, அந்த நோட்டில் இருந்ததை மறுபடி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அந்த எண்கள் பாதிக்கு மேல் எனக்கு மனப்பாடம்.

சிந்துஜா வாசலில் செருப்பு மாட்டும்போது கண் சிவந்திருந்தது.

"இதுக்குத்தான் கூப்பிட்டியாடி?"

"ஆமா" என்றேன்.

மன்னிப்புக் கேட்பாள் என்று ஒரு கணம் நின்றேன். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அவள் கேட்கவில்லை.

உள்ளே செல்லாயி கை காய உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் ஏன் சாப்பிடாமல் போகிறாள், தான் தப்பாக ஏதாவது பேசிவிட்டோமா என்று கேட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"சாட்சிக்குக் கூப்புட்டன்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பனே பாப்பா. பொறந்த நாளுன்னு சொன்னியேன்னு புதுப் பொடவ கட்டிகினு வந்தேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், பழைய வழக்கம்போல் சத்தம் வரவில்லை. அவளுக்கு வருத்தம் தந்தது என்னை உறுத்தியது. சிந்துஜாவுக்குச் செய்தது உறுத்தவில்லை. இரண்டையும் தனித்தனியாகவே என்னால் உணர முடிந்தது.

சிந்துஜாவின் இலையில் இறால் தொடப்படாமல் இருந்தது. அம்மா அதை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் துடைத்து எனக்கு இலை போட்டாள். செல்லாயி எழுந்து போகவில்லை. நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.