ஆறு முறை சிவப்பு

மடக்கு நாற்காலி விரிய மறுத்தது. தெல்ஃபினா அதை முழங்காலால் இடித்துத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஓர் ஆள் நேராகச் சவப்பெட்டியருகே போய், அவள் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் திரும்பினான்.

"இதே மூஞ்சிதான்டி. நேத்தும் இதே மூஞ்சிதான். ஒரு மயிரிழை மாறல."

மனைவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "இரும்பு மனுஷன்" என்றாள்.

காலையிலிருந்து இப்படித்தான். அப்பா ரோசெந்தோ, அர்ஜென்டினாவின் கடற்கரை நகரமான மார் தெல் பிளாத்தாவில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பத்துப் பதினைந்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்து, ஈமச்சடங்கு நிலையத்தில் இருப்பதிலேயே சின்ன அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள் தெல்ஃபினா. இப்போது கூட்டம் வாசல் தாண்டி நடைபாதையில் நின்றது. மிருக ரோமக் கோட்டு போட்ட ஒரு சீமாட்டி, இரண்டு டாக்ஸிக்காரர்கள், கோர்தொபா நகரத்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி. உறவு என்று ஒரு முகமும் இல்லை. எல்லோரும் வரிசையாகப் போய் அப்பாவைப் புனிதரின் சிலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தேனிலவுப் பெண் அவர் சட்டைக் கையை லேசாகத் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எர்மீனியா மகளைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"இவங்கெல்லாம் யாருடி? அப்பா பஸ்ல வந்தவங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"டிக்கெட் எடுக்காம வந்தவங்களா இருக்கும். அதான் இவ்வளவு விசுவாசம்."

தெல்ஃபினாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காசினோவில், உட்கார்ந்த நாற்காலியிலேயே அப்பாவின் இதயம் நின்றுவிட்டது. போனில் சொன்னவர் இப்போலித்தோ. முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், அப்பாவின் ஆயுள்காலச் சிநேகிதர், ரூலெட் சூதாட்ட மேசையில் பக்கத்து நாற்காலி. எப்போதும் சாவு வீடுகளில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர், இன்று காப்பி இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். அவள் பார்த்தால் சர்க்கரைப் பொட்டலங்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

அவள் போய் வழியை மறித்தாள்.

"மாமா, நேத்து என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலம்மா. செத்துட்டான். வேற என்ன நடக்கணும்?"

"அப்போ இவங்க எதுக்கு வந்திருக்காங்க?"

இப்போலித்தோ காப்பிக் கோப்பையைப் பார்த்தார். "உன் பாடத்தாலதான் எல்லாம்" என்றார்.

எந்தப் பாடம் என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

தெல்ஃபினாவின் தொழில் வீடியோ கேம். கம்பெனிகள் புது விளையாட்டைக் கடைக்கு அனுப்புவதற்கு முன், அதை விளையாடிப் பார்த்து ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவள் இந்த வேலையில் சேர்ந்தபோது அப்பா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "உனக்கு விளையாடினா சம்பளம் வருது. எனக்கு விளையாடினா சம்பளம் போகுது. குடும்பத்துக்கு வரவு செலவு சரியாப் போச்சு!"

உண்மையில் சரியாகப் போகவில்லை. அப்பாவின் ஆட்டம் இரட்டிப்பு ஆட்டம். சக்கரத்தில் ஓடும் சின்னக் குண்டு சிவப்பில் விழுமா கறுப்பில் விழுமா என்பதுதான் பந்தயம். சிவப்பில் வைத்துத் தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு, அதிலும் தோற்றால் நாலு மடங்கு; என்றைக்காவது சிவப்பு வந்துதானே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. சிவப்பு வருவதற்குள் கை காலியாகிவிடும். அம்மாவின் தையல் இயந்திரம் அப்படித்தான் போனது.

போன வருஷம் காலில் கட்டுப்போட்டு அப்பா வீட்டில் கிடந்தபோது, தொல்லை தாங்காமல் தெல்ஃபினா அவர் கையில் ஒரு விளையாட்டைக் கொடுத்தாள். சதுப்புநிலம், நடுவில் மூன்று தலை முதலை. முதலை வாயைத் திறந்ததும் அப்பா எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்குவார். குதிப்பார், சுடுவார், உட்காருவார், செத்துப்போவார்.

"அப்பா, பயம் வந்தா கையை எடுத்துட்டு உக்காருங்க. அது எப்பத் திரும்புது, எப்ப மூச்சு வாங்குதுன்னு பாருங்க. அப்புறம் ஒரே ஒரு பொத்தான்."

"கையை எடுத்தா கடிச்சிடும்டி!"

"எடுக்கலன்னாலும் கடிக்குதுல்ல?"

இரண்டு வாரத்தில் முதலையைக் கொன்றார். அந்தச் சந்தோஷத்தில் காசினோச் சக்கரத்திலும் அதே வித்தையைக் காட்டப் போகிறேன் என்று கிளம்பினார். தெல்ஃபினா வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "முதலையை நீங்க ஜெயிக்கணும்னுதான்ப்பா ஒருத்தன் செஞ்சிருக்கான். காசினோவை நீங்க தோக்கணும்னு ஒருத்தன் செஞ்சிருக்கான். சக்கரத்துக்கு ஞாபகமும் கிடையாது, மூச்சும் வாங்காது. அங்க உதவுறது ஒண்ணே ஒண்ணுதான், கையை எடுத்துட்டு உக்கார்றது."

ஆச்சரியம், கேட்டார். அன்றிலிருந்து, பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகளைக் கொஞ்சமாகவே வாங்குவார். சிவப்பில் ஒன்றை வைப்பார். தூணுக்கும் மேசைக்கும் நடுவில் தன்னைச் சொருகிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து உட்காருவார். வில்லைகள் தீர்ந்தால் எழுந்து கடற்கரையில் சுர்ரோ என்ற பொரித்த இனிப்பு ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா புதுத் தையல் இயந்திரம் வாங்கினாள்.

"நேத்து அப்படித்தான் உக்காந்திருந்தான்" என்றார் இப்போலித்தோ. "சிவப்புல வச்சான். வந்துச்சு. மேசைக்காரப் பொண்ணு, 'ஜெயிச்சதையும் அப்படியே சிவப்புல விட்டுடலாமாங்க ஐயா?'ன்னு கேட்டா. இவன் பேசல. தலை கொஞ்சம் குனிஞ்சிருந்துச்சு. சம்மதம்னு எடுத்துக்கிட்டா. மறுபடியும் சிவப்பு."

"மாமா..."

"கேளு. மூணாவதும் சிவப்பு. ஆளுங்க கூட ஆரம்பிச்சிட்டாங்க. 'பாருய்யா, ஒரு சிரிப்பு இல்ல, ஒரு பதட்டம் இல்ல'ன்னு பேசிக்கிறாங்க. நாலாவது சிவப்புல அந்த ரோமக் கோட்டு அம்மா அவன் வச்ச இடத்துலேயே தானும் வச்சுது. அஞ்சாவதுல புதுசாக் கல்யாணம் ஆன பசங்க. ஆறாவது வந்தப்போ மொத்த ஹாலும் எங்க மேசையிலதான். எனக்கு மார்பு இவ்வளவு விரிஞ்சு போச்சு. 'என் சிநேகிதன்! இவன் என் சிநேகிதன்!'னு கத்தினேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏழாவது கறுப்பு. எல்லாம் போச்சு. மலை மாதிரி குவிஞ்சிருந்துச்சும்மா, அந்தப் பொண்ணு கோலால ஒரே இழுப்பு. இவன் அசையல. ஒரு பெருமூச்சு கூட இல்ல. எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. இப்படித் தோக்கத் தெரிஞ்சவன் பூமியில கிடையாதுன்னாங்க. அப்பத்தான் கட்டிப்பிடிக்கலாம்னு நான் தோள்ல கை வச்சேன்."

காப்பி இயந்திரம் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது.

"முன்னாடியே தொட்டிருக்கணும்" என்றார். "ஜெயிக்கிறவனைத் தொட்டா அதிர்ஷ்டம் போயிடும்னு பயந்தேன். டாக்டர், 'தொட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஒரே நொடி'ன்னுதான் சொன்னார். ஆனா நான் தொடலயே."

தெல்ஃபினாவுக்கு அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. மூன்று வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"எந்தச் சிவப்புல உயிர் போச்சு மாமா? முதல் சிவப்பு வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

"சத்தியமா எனக்குத் தெரியலம்மா. நான் குண்டைத்தானே பார்த்துட்டிருந்தேன்."

அம்மா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று இருவரும் கவனிக்கவில்லை.

"காலை ஆட்டிக்கிட்டு இருந்தாரா?" என்றாள் எர்மீனியா.

"என்ன?"

"குண்டு ஓடும்போது. காத்திருக்கிற நேரத்துல அவர் வலது கால் சும்மா இருக்காது. சிக்னல்ல பஸ்ஸே நடுங்கும். கல்யாணத்தன்னிக்கு ஃபாதர் கேள்வி கேட்டு முடிக்கிறவரைக்கும் என் கவுன் ஆடுச்சு."

இப்போலித்தோ நெற்றியைத் தேய்த்தார். "ஆட்டினான். என் காப்பி சிந்துச்சு, 'டேய் நிறுத்துடா'ன்னேன். முதல் குண்டு விழுந்துச்சு... 'வந்துடுச்சு'ன்னு என்னைப் பார்த்தான். ஆமா, பார்த்தான்! அப்புறம் கால் ஆடல. உன் பொண்ணு பாடம் நல்லா ஏறிடுச்சுன்னு நினைச்சேன்."

"அப்போ தெரியும்" என்றாள் அம்மா. "ஜெயிச்சுட்டுத்தான் போயிருக்கார். தோத்ததுதான் தெரியாது." அவள் தோள்கள் குலுங்கின. தெல்ஃபினா பதறிப் பிடித்தாள். அம்மா அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். "நாப்பத்தோரு வருஷம்! ஒரு தடவையாவது தோத்த முகம் இல்லாம வீட்டுக்கு வரணும்னு வேண்டிக்கிட்டேனே!"

ரோமக் கோட்டுச் சீமாட்டி வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் ஒரு கனவான்" என்றாள். "நானும்தான் எல்லாத்தையும் தோத்தேன். ஆனா அவரைப் பார்த்து அழாம இருந்தேன்."

"தோத்துத் தோத்துப் பழக்கம்தான் அம்மா" என்றாள் எர்மீனியா, தரையைப் பார்த்தபடி.

மத்தியானம் கல்லறைத் தோட்டத்தில் ஜூலை மாதக் குளிர்காற்று தொப்பிகளைப் பறித்தது. சவப்பெட்டிகளை வைத்து மூடச் சுவரில் அடுக்கடுக்காக இருந்த மாடங்களில் மூன்றாவது அடுக்கில் அப்பாவின் இடம். பாதிரியார் கடைசி ஜெபத்தைச் சொன்னபோது எல்லோரும் தலைகுனிந்திருந்தார்கள். ஆமென் சொல்லி நிமிர்ந்ததும் அத்தனை பேரும் ஒரே திசையில் கழுத்தை நீட்டினார்கள். பளிங்குக் கற்களுக்கு இடையே மாடத்தின் எண்ணைத் தேடினார்கள். டாக்ஸிக்காரர்களில் குட்டையானவன் குதித்துப் பார்த்தான்.

"அம்மா, அசிங்கமா இருக்கு" என்று கிசுகிசுத்தாள் தெல்ஃபினா.

"எண்ணூத்தி அறுபத்திரெண்டு" என்றாள் அம்மா, உதடு அசையாமல். "கண்ணாடி இல்லாமலே பார்த்துட்டேன்."

கல்லறை வாசலுக்கு எதிரே, விரும்பிய எண்ணைச் சொல்லிச் சீட்டு வாங்கும் லாட்டரிக் கடை. தெல்ஃபினா கூலி ஆட்களை அனுப்பிவிட்டு, பாதிரியாரிடம் விடைபெற்று வெளியே வந்தபோது, சவ ஊர்வலம் அப்படியே சாலையைக் கடந்து கடைமுன் வரிசையாகியிருந்தது. கறுப்புக் கோட்டுகள், கறுப்புத் தொப்பிகள். நடுவில் இப்போலித்தோ மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். அம்மாவைக் கண்டதும் எல்லோரும் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"வேண்டாம். வரிசைன்னா வரிசை" என்று அம்மா கடைசியில் போய் நின்றாள். வாழ்நாளில் ஒரு சீட்டும் வாங்காதவள் கைப்பையைத் திறந்து சில்லறையைத் துழாவினாள். தெல்ஃபினா அவள் பின்னால் நின்றாள், வேறு எங்கே நிற்பது என்று தெரியாததால்.

நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் வரிசையின் நீளத்தைப் பார்த்து நின்றாள்.

"எதுக்கும்மா இவ்வளவு கூட்டம்?" என்று தெல்ஃபினாவைக் கேட்டாள்.

தெல்ஃபினா வாயைத் திறந்தாள். எவ்வளவோ சொல்லலாம்.

"எங்க அப்பாவுக்கு" என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டினாள். வேறொன்றும் கேட்காமல் அவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். நாய் நடைபாதையில் உட்கார்ந்தது. மழை தூற ஆரம்பித்தது. ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை.