பிரேக் குழாய் உடைந்த இடம்

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. என் தம்பி விமல் கேட்டது ஓர் அட்டையில் ஒட்டுகிற அளவுக்கு நாலு வரி, அவ்வளவுதான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருக்கிறான். ராணுவம் கழித்துப்போட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்து, தறிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் நிறுத்தினான். நட்டு நட்டாகப் பிரித்து மறுபடி பூட்டிக்கொண்டிருந்தான். மதுரையில் பழைய வண்டிகளின் கண்காட்சி வருகிறதாம். வண்டிக்கு முன்னால் வைக்க வாசகம் வேண்டும். பள்ளிக்கூட டீச்சராகவும் எழுதுகிறவளாகவும் அக்கா வீட்டிலேயே இருக்கும்போது வெளியே ஏன் போக வேண்டும் என்றான்.

முதல் வரி இப்படி வந்தது:

போர்க்களம் பல கண்ட இந்த இரும்புக் குதிரை

அதோடு நிறுத்திவிட்டேன். இந்த ஜீப் எந்தப் போரையும் கண்டதில்லை, உருளைக்கிழங்கு மூட்டை சுமந்த வண்டி என்று பொன்னுராஜ் அண்ணாச்சி சொன்னார். சரி, அவரிடமிருந்தே தொடங்கலாம் என்று அடுத்த வரியை எழுதினேன். அட்டை வாசகம் அந்த இடத்தில்தான் என் கையை விட்டுப் போனது.

2

பொன்னுராஜ் ராணுவத்தில் ஓட்டுநராக இருந்து பென்சனில் வந்தவர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஜீப் வந்திறங்கிய அன்று வேடிக்கை பார்க்க வந்தார், மறுநாள் முதல் வேலை பார்க்க வந்தார். விமலுக்கு ஆசை இருந்தது, அவருக்குக் கைப்பழக்கம் இருந்தது.

பிரேக் குழாய் போடுகிற வேலையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. சுருளாக வரும் மெல்லிய இரும்புக் குழாயை அளந்து வெட்டுவார். முதலில் நட்டைக் கோத்துவிட்டு, பிறகுதான் குழாயின் முனையை விரிப்பார். வரிசை மாறினால் நட்டு உள்ளே போகாது. பிறகு சட்டத்தின் ஓரமாகவே வளைத்து வளைத்துக் கொண்டுபோய்ப் பின் சக்கரத்தில் சேர்ப்பார். எங்கேயும் மடிப்பு விழக் கூடாது, எதன் மேலும் உரசக் கூடாது.

(பிரேக் பற்றித் தெரியாதவர்களுக்கு: பெடலை மிதித்தால் இந்தக் குழாய்களுக்குள் இருக்கும் எண்ணெய் சக்கரங்களை நெருக்கிப் பிடிக்கும். குழாய் முழுதாக இருந்தால் பெடல் காலுக்கடியில் கெட்டியாக நிற்கும். குழாய் உடைந்திருந்தால் எண்ணெய் வெளியே போய்விடும், பெடல் வெறுமனே தரை வரைக்கும் இறங்கும். வண்டிகளைப் பற்றி இதற்கு மேல் எனக்கும் தெரியாது.)

குழாய்களைப் பூட்டிய பிறகு உள்ளே தங்கிய காற்றை எடுக்க வேண்டும். அண்ணாச்சி இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதிக்க, விமல் பின்சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு சின்ன மூடி ஒன்றைத் திறந்து மூடினான். திறந்தால் பெடல் தரைக்குப் போகும். மூடினால் நிற்கும். நான் கதவோரம் நின்று அட்டைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நாலு சக்கரத்தையும் முடித்துவிட்டு, கடைசியாக ஒருமுறை பலமாக மிதிக்கும்படி விமல் கீழிருந்து சொன்னான்.

அண்ணாச்சி மிதித்தார். பெடல் நின்றது. அவர் காலை எடுக்கவில்லை.

விமல் இரண்டு தடவை கூப்பிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வேர்த்துவிட்டது. நெஞ்சுவலியோ என்று நான் பயந்து பக்கத்தில் போனேன்.

"டீச்சர், அன்னைக்கும் இப்பிடித்தான் நின்னுச்சு" என்றார்.

3

அன்றைக்கு என்றால் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நாள். வடகிழக்கு மலைப்பாதை, மழைக்காலம். பொன்னுராஜ் ஜீப்பை ஓட்டினார். பக்கத்தில் இருந்தவன் வல்லரசு, சோழபுரத்துப் பையன், பட்டாளத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு சரிவில் வண்டி வளைவை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. பொன்னுராஜ் வழியிலேயே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார். வல்லரசு வண்டியோடு போனான்.

விசாரணையில் பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய் முனையில் உடைந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். முந்தின நாள் அந்தக் குழாயை மாற்றிப் பூட்டியவர் அதே முகாமின் மெக்கானிக், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டியைச் சேர்ந்த இம்மானுவேல். மிதித்தேன், வண்டி நிற்கவில்லை என்று பொன்னுராஜ் சொன்னார். அது பொய்யில்லை. வண்டி நிற்கத்தான் இல்லை. நிற்காததற்குக் காரணம் உடைந்த குழாய் என்று எல்லோரும் சேர்த்துக்கொண்டார்கள், அவரும் சேர்த்துக்கொண்டார். இம்மானுவேலின் பதவியைக் குறைத்தார்கள். சீக்கிரமே அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

பெடல் நின்றதா இறங்கியதா என்று பொன்னுராஜிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் கொட்டகையில் அவருடைய கால் அதைச் சொன்னது. பெடல் நின்றிருக்கிறது என்றால் குழாய் அப்போது உடையவில்லை. பள்ளத்தில் விழுந்தபோது உடைந்திருக்கிறது. அவர் வேகமாக வந்திருக்கிறார், ஈரத்தில் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கியிருக்கிறது.

4

இவரை எப்படி எழுதுவது?

முதல் படியில் அவரைக் கோழையாக்கினேன். எல்லாம் தெரிந்தே மறைத்தவர். வாசிக்க விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் அன்று கொட்டகையில் நான் பார்த்த முகம் மறைத்தவனின் முகமில்லை. இரண்டாம் படியில்

அன்று இரவெல்லாம் உறங்காமல் கண்ணீர் வடித்த பொன்னுராஜ், விடிந்ததும் முதல் பேருந்தில்

இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. கொட்டகைப் பக்கமே வராமல் பல நாள் இருந்தார். விமல் போய்க் கூப்பிட்டதற்குக் கால்வலி என்றார். பிறகு ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"நீங்க எழுதுறவுக டீச்சர். இம்மானுவேல்கிட்ட எப்பிடிச் சொல்லணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும். கூட வந்து நீங்களே சொல்லிருங்களேன்."

என்னால் சொல்ல முடியாது, ஆனால் கூட வருகிறேன் என்றேன். போகிற வழியில் காரில் அவருக்காக நாலு வாக்கியம் தயார் செய்துகூடக் கொடுத்தேன். நல்ல வாக்கியங்கள். அவற்றில் ஒன்றையும் அவர் பயன்படுத்தவில்லை.

5

இம்மானுவேல் மாடு வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக்காரர்களுக்குப் பால் ஊற்றுகிறார். நாங்கள் போனபோது தொழுவத்தில் இருந்தார். அவர் மனைவி செல்லக்கனி பொன்னுராஜை அடையாளம் கண்டுகொண்டு, இரண்டு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

காத்திருந்த நேரத்தில் என்னிடம்தான் பேசினார். ஊருக்கு வந்தபோது ராஜபாளையத்தில் ஒரு பஸ் கம்பெனி அவருடைய வீட்டுக்காரருக்கு மெக்கானிக் வேலை கொடுத்ததாம். போகவில்லை. வீட்டில் மிக்சி நின்றால்கூடத் திருப்புளியைக் கையால் தொடமாட்டாராம். வல்லரசின் அம்மா இருளம்மாளுக்கு வேறு பிள்ளை இல்லை. இவர் சைக்கிளில் சோழபுரம் போய் அந்தம்மாவின் காட்டை உழுது விதைத்துக் கொடுத்தார். அந்தம்மா படுக்கையில் விழுந்ததும் கூட்டிவந்து கடைசிவரை இந்த வீட்டிலேயே வைத்திருந்தார். அந்தம்மாவின் துணியைத் துவைத்தது செல்லக்கனிதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லும்போது பொன்னுராஜைப் பார்க்கவுமில்லை.

(இந்தப் பத்தியைக் கடைசி வரைக்கும் வைப்பதா எடுப்பதா என்று இருந்தேன். இது இருந்தால் வாசிப்பவர் இம்மானுவேல் பக்கம் சாய்ந்துவிடுவார். இருக்கட்டும்.)

இம்மானுவேல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பொன்னுராஜ் சுற்றி வளைக்கவில்லை.

"எங்காலுக்கடியில பெடல் நின்னுச்சுலே. கல்லு மாதிரி நின்னுச்சு. நீ போட்ட குழா நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் வேகமா வந்துட்டேன்."

இம்மானுவேல் அழுவார் அல்லது அடிப்பார் என்று நான் நினைத்தேன். இரண்டையும் ஏற்கெனவே எழுதிப் பார்த்திருந்தேன்.

"இத்தன வருசத்துக்குப் பொறவு ஒங்காலு சொல்லுதாக்கும்" என்றார்.

"சொல்லுதுலே."

"எங்கண்ணு சொல்லுததையும் கேளு. அன்னைக்குக் குழா மொனைய விரிக்கயில ஓரத்துல ஒரு கீறல் விழுந்துச்சு. பாத்தேன். வெட்டிப் போட்டுட்டு மறுபடி விரிச்சிருக்கணும். சாப்பாட்டு விசில் அடிச்சிட்டான். அப்பிடியே பூட்டிட்டேன். இத நான் விசாரணையில சொல்லல, இவட்டகூடச் சொல்லல."

செல்லக்கனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அது கீறலோடும் தாங்கியிருக்கும் என்று பொன்னுராஜ் சொன்னார். தாங்காது, தனக்குத் தெரியும் என்றார் இம்மானுவேல். தாங்கியது, பெடல் நின்றது என்றார் இவர். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. வாய்க்கால் வரப்புக்குச் சண்டை போடுகிறவர்கள்போல, இது என்னுடையது, இது என்னுடையது என்று செத்தவனை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இம்மானுவேல் எழுந்தார்.

"நீ சொல்லுதது நெசம்னா, இருளம்மாவ நான் யாருக்காகலே பாத்தேன்?"

இம்மானுவேல் தொழுவத்துக்குள் போனவர் திரும்பி வரவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது அண்ணாச்சி ஒரே ஒரு வாக்கியம் பேசினார். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றார். சொன்னது தப்பில்லை என்று நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அப்படிச் சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்று பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

6

இதோடு முடித்திருப்பேன். போன வாரம் செல்லக்கனி போன் செய்தார்.

இம்மானுவேல் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். மாட்டைக் கறக்கும்போதுகூடத் தனக்குள் பேசிக்கொண்டிருக்கிறாராம். இத்தனை வருடம் குற்றவாளியாக இருந்தவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது, இப்போது குற்றவாளியா இல்லையா என்றே தெரியாமல் தவிக்கிறார். செல்லக்கனி இதை இன்னும் எளிமையாகச் சொன்னார். எனக்குத்தான் அந்த எளிமை வரவில்லை.

"நீங்க இத எழுதுதியளாம்ல டீச்சர். குழா ஒடையலன்னு எழுதுங்க. அச்சுல வந்தா அவிய நம்புவாவ. நான் வாசிச்சுக் காட்டுதேன்."

கீறல்? நான் கேட்டேன். அதை விட்டுவிடச் சொன்னார். பொன்னுராஜ் அண்ணாச்சி என்ன ஆவார் என்றும் கேட்டேன்.

"அவரு இம்புட்டு நாளும் தூங்கியாச்சுல்லா" என்றார்.

பொன்னுராஜிடம் போய்ச் சொன்னேன். அவரும் அப்படியே எழுதச் சொன்னார். கேட்கிற இருவருமே ஒன்றைத்தான் கேட்கிறார்கள். எனக்கு ஒரு வாக்கியம் எழுதினால் முடிந்தது. ஆனால் இம்மானுவேல் அந்தக் கீறலைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அதை என் பேனாவால் அழித்தால், அதை நம்பி அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் சேர்த்து அழிக்கிறேன். அழிக்காவிட்டால் அந்த வீட்டில் உலை வைத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்ணை ஏமாற்றுகிறேன். பொன்னுராஜைத் தவிர நடந்ததைப் பார்த்தவன் வல்லரசு ஒருவன்தான்.

எத்தனை முறை உட்கார்ந்தாலும் அந்த வரிக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறேன். அதனால் உங்களிடம் கொடுக்கிறேன். செல்லக்கனி உட்கார வேண்டிய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பால் ஊற்றிவிட்டு வந்து, கை கால் கழுவிவிட்டு, எதிரே தரையில் அமர்ந்து இம்மானுவேல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கேட்கும்படி வாசியுங்கள்.

"மழை பெய்துகொண்டிருந்தது. சரிவில் வளைவு வந்தது. பொன்னுராஜ் பிரேக்கை மிதித்தார். பெடல்"

அவர் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கிறார்.