நாலாவது ஆள்

பாடாலூர் பக்கம் ஒரு கல்லூரி வாசலில் பழைய ராணுவ டாங்கியைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டு வைரக்கண்ணு பஸ் ஏறினார். போய்ப் பார்த்தால் விஜயந்தா. எழுபத்தொன்றாம் வருடப் பாகிஸ்தான் சண்டையில் அவர் ஓட்டிய அதே ரகம். பக்கத்துப் பலகையில் 'குழு: மூன்று பேர். கமாண்டர், கன்னர், டிரைவர்' என்று எழுதியிருந்தது.

பொறுப்பில் இருந்த ஆசிரியர் அறிவுச்செல்வனைத் தேடிப் போய்ச் சொன்னார். "இதுல நாலு பேருங்க சார். லோடரை விட்டுட்டீங்க."

"நெட்ல மூணுன்னுதானே இருந்துச்சுங்க ஐயா?"

"அது ரஷ்யா டாங்கி. அதுல குண்டை மிசினே போட்டுக்கும். இதுல ஆளுதான் தூக்கிப் போடணும். எங்க வண்டியில அவன் பேரு நல்லதம்பி. அரும்பாவூர்க்காரன்."

திருத்திவிடுவதாக ஆசிரியர் சொன்னார். வைரக்கண்ணுவுக்கு அதோடு வீடு திரும்ப முடியவில்லை. பலகையில் விட்டுப்போனதைச் சொல்ல வந்துவிட்டோம், சொல்லவேண்டிய இடத்தில் ஐம்பது வருடமாக வாயைத் திறக்கவில்லையே என்று நினைத்தார். அரும்பாவூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

நல்லதம்பியின் தங்கை வீராயி வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியவள். யாரென்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"ஒங்க அண்ணன் குண்டு பட்டதும் செத்துட்டான்னுதானே சொன்னாங்க?"

"ஆமாண்ணே. நோவு தெரியாம போயிருக்கும்னு எங்கம்மா அதச் சொல்லியே மனச தேத்திக்கிட்டாங்க."

"இல்லம்மா. குண்டு பட்டதும் கமாண்டரும் கன்னரும் அங்கயே செத்துட்டாங்க. வண்டி தீப்புடிச்சிருச்சு. நான் முன்னால கீழ இருக்கேன். பீரங்கிக் குழல் என் தலைக்கு மேல மூடிய மறிச்சுக்கிட்டு நின்னதால வெளியில வர முடியல. நல்லதம்பி மேல் வழியா ஏறிக் குதிச்சிருக்கலாம். கன்னர் எடத்துல ஒக்காந்து கைப்பிடியச் சுத்திக் குழல நகத்துனான். நான் வெளியில வந்து விழுந்தேன். அவன் வரல."

வீராயியின் கை கடலையிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அவரு பொழைச்சிருக்கலாம்."

"பொழைச்சிருக்கலாம்மா."

"இத ஏண்ணே அப்பவே வந்து சொல்லல?"

"ரெண்டு தடவ இந்தத் தெருமுனை வரைக்கும் வந்தேன். ஒங்கம்மா மொகத்துல முழிக்கத் தைரியம் இல்ல. எனக்குக் கல்யாணம் ஆச்சு, புள்ளைங்க பொறந்துச்சு. அவனுக்கு ஒண்ணுமே இல்லியே."

வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்து உள்ளே போனாள். இனி திரும்பி வரமாட்டாள் என்று நினைத்து அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"கார்த்திகையில அவருக்குப் படையல் போடுவோம். எலை போட்டா ஒக்காந்து சாப்பிட அவரு கூடப் பழகுன ஆளு யாரும் இல்ல. நீங்க வந்துருங்க."

வைரக்கண்ணு சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வரேம்மா," என்றார்.