காமாலை என்று சொன்னவர்கள்

மது காமாலையில் இறந்தான் என்று சொன்ன ஒவ்வொருவரும் மூன்றாம் நாள் மஞ்சளானார்கள். முதலில் மஞ்சளானவர் அவனுடைய பெரியப்பா சிவராமகிருஷ்ணன். அந்தப் பொய்யைக் கட்டியவரும் அவர்தான். "நாளைக்கு அவன் தங்கை தீப்திக்குக் கல்யாணம்னு வரும். காமாலைன்னே சொல்லிடுவோம்" என்றார். பத்தொன்பது வயதுப் பையன் தற்கொலை செய்துகொண்ட வீட்டில் அன்று மறுத்துப் பேச யாருக்கும் தெம்பில்லை. அப்பா ராகவேந்திரன் துறைமுக அலுவலகத்தில் சொன்னார். அம்மா பாகீரதி வங்கியில் சொன்னாள். நியூ டவுனில் மது படித்த கோச்சிங் சென்டரின் டைரக்டர் ஜெயபிரகாஷ் இரங்கல் கூட்டத்தில் மைக்கிலேயே சொன்னார். அந்த வாரத்துக்குள் எல்லோருக்கும் கண், நகம், பல் வரை மஞ்சள். ரத்தத்தில் கோளாறில்லை என்று லேப் எழுதிக் கொடுத்தது. பவானிபூர் வங்காளிக் காய்கறிக்காரர் பாகீரதியை அண்ணி முறை வைத்து, "பௌதி, கரும்புச் சாறு குடிங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை நிறுத்தார்.

ஜெயபிரகாஷ் கெட்டிக்காரர். தன் நிறம் தெரியாமலிருக்க சென்டரின் சுவர், பெஞ்சு, பிள்ளைகளின் சட்டை எல்லாவற்றையும் மஞ்சளாக்கினார். அந்த ஆண்டு அங்கே சேர்க்கை கூடியது.

பாகீரதிக்குக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கடைசி மாதம் மது தூங்கவில்லை. ஆசையாக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையையும் கைக்கடிகாரத்தையும் நண்பர்களுக்குக் கொடுத்தான். தாராள மனசு என்று வீடே மெச்சியது. "நான் இல்லாட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்றவனை, "பேச்சைக் குறைச்சிட்டுப் படி" என்று அடக்கியது அவளேதான். சென்டரில் வாராவாரம் கடைசிப் பத்துப் பெயர்களை மைக்கில் வாசித்தார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் அவளால் காட்ட முடியவில்லை. அவனை உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை என்பதை மட்டும் காட்ட முடிந்தது.

நாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்தான் கவனித்தாள். பந்தியில் அத்தனை பேரும் மஞ்சள். பதினேழு வயது தீப்தி மட்டும் இல்லை. அவள் உண்மையைச் சொல்லிவிட்டதால் அல்ல. அண்ணனைப் பற்றி அவள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தோழிகளின் போனைக்கூட எடுப்பதில்லை. தினமும் அதே சென்டருக்குப் போய்வந்தாள்.

தீப்தி எழுந்து போனதும், "அவகிட்ட கேக்கப்போறேன்" என்றாள் பாகீரதி.

"கேட்டா, இல்லாத நினைப்பை நீயே கிளப்பிவிட்ட மாதிரி ஆகும்" என்றார் பெரியப்பா, மோரை ஊற்றிக்கொண்டே.

"கேக்காம ஒருத்தனைப் பறிகுடுத்தாச்சு. நீங்க மோரைக் குடிங்கோ."

உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தீப்தி, செத்துப்போயிடணும்னு உனக்குத் தோணறதா?"

தீப்தி புத்தகத்தை மூடினாள். "ரெண்டு வாரமா. தினம். திட்டப்போறியா?"

"இல்லை. சொல்லு."

தமிழும் வங்காளமுமாக மூன்று மணி நேரம் சொன்னாள். பாகீரதி ஓரிடத்திலும் புத்தி சொல்லவில்லை. அன்று முழுக்க அவளைத் தனியே விடவில்லை. மறுநாள் காலை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். சென்டரிலிருந்தும் நிறுத்தினாள்.

அந்த வாரப் பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் தனியாகப் போய் மைக்கைப் பிடுங்கினாள். என் பையன் காமாலையில் சாகவில்லை, தற்கொலை செய்துகொண்டான், நாங்கள் கேட்கவில்லை, நீங்கள் இன்றைக்கே உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள் என்று வங்காளத்தில் சொன்னாள். பிறகு, கடைசிப் பத்துப் பெயர்களை எதற்கு வாசிக்கிறார் என்று இந்த ஆளையும் கேளுங்கள் என்றாள். "மேடம், அவனுக்குக் காமாலை" என்றார் ஜெயபிரகாஷ். அவருடைய தலைமுடியும் மஞ்சளாயிற்று. பாகீரதிக்கு உதட்டில் தொடங்கி நகம் வரை மஞ்சள் விட்டுப்போனது. எழுந்து நின்ற பெற்றோர்கள் உட்கார மறுத்தார்கள். அதற்குப் பிறகு பெயர் வாசிப்பு நடக்கவில்லை.

ராகவேந்திரன் இன்னும் ஒரு வருஷம் மஞ்சளாகவே அலுவலகம் போய்வந்தார். வெள்ளிக்கிழமைகளில் மூவரும் மெட்ரோவில் டாலிகஞ்ச் டாக்டரிடம் போனார்கள். சில வாரம் தீப்தி, "இந்த வாரம் ரெண்டு நாள் தோணித்து" என்பாள். சில வாரம் இல்லை என்பாள். பெட்டிக்கு இரண்டு மூன்று மஞ்சள் முகங்கள் எப்போதும் இருந்தன; நகரம் அவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்தில் இருந்த மஞ்சள் அம்மாளிடம் தீப்தி, "உங்க வீட்டுல யாரு, மாஷிமா?" என்று கேட்டாள்.

"மகள்" என்றாள் அந்த அம்மாள், காளிகாட் ஸ்டேஷன் தாண்டியபின்.

"எங்களுக்குப் பையன்" என்றார் நின்றுகொண்டிருந்த ராகவேந்திரன், பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில். "தற்கொலை. பேரு மது."

டாலிகஞ்சில் இறங்கியபோது அவர் கை பழைய நிறத்தில் இருந்தது. டாக்டர் அன்று நாற்பது நிமிஷம் தாமதம். தீப்தி பசிக்கிறது என்றாள். கச்சோரி வாங்கித் தின்றார்கள்.