டீ நேரத்துக் கேஸ்

சித்ரகலாக்கா சொல்லிக்கொண்டிருந்த கதையில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, மீதிக் கதையை நாளைக்குச் சொல்வதாகக் கையைக் காட்டிக்கொண்டே கம்பெனி கேட்டுக்குள் ஓடினார். அன்று செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை டீக்கு அவருடைய கல்யாணம் வரைக்கும்தான் வந்திருந்தோம்.

சட்டக் கல்லூரி நான்காம் வருடத்தில் எங்களுக்கு இலவச சட்ட உதவி என்று ஒரு பாடம் உண்டு. ஏழைகளுக்கு உதவினால் மார்க். முதலில் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பேனர் கட்டி முகாம் போட்டோம். வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் மண்டபத்து எலக்ட்ரீஷியன். திருப்பூரில் ஞாயிறு மதியம் வரைக்கும் பாதிக் கம்பெனிகள் ஓடும், மிச்ச நேரத்தில் ஜனம் துணி துவைக்கும், தூங்கும். கோர்ட்டும் சட்ட உதவி ஆபீஸும் திறந்திருக்கிற நேரத்தில் எல்லோரும் மெஷின் முன்னால் இருப்பார்கள். அப்புறம்தான் சாயங்காலம் ஐந்தரை மணி டீ எங்கள் கண்ணில் பட்டது. பதினைந்து நிமிடம் தெருவெல்லாம் ஆளாகிவிடும். ஆளுக்கொரு டீக்கடை என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு வாய்த்தது சாக்கடையை ஒட்டிப் பெஞ்சு போட்ட கடை. என் ராசி அப்படி.

சித்ரகலாக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். டெய்லர். குன்னத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர். வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது கணவருடைய அண்ணன், இடம் என் பேரில் இருக்கிறது, வீட்டைக் காலி பண்ணு என்கிறார். வீடு போனால் பத்தாவது படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு போக வேறு இடமில்லை. இவ்வளவையும் முதல் நாளே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். கோர்ட்டிலிருந்து ஏதாவது காகிதம் வந்ததா என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கட்சிக்காரரை அவர் போக்கில் சொல்லவிட வேண்டும், குறுக்கே பேசக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதை நோட்டில் அடிக்கோடு வேறு போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

புதன்கிழமை கதையில் ஹாலோ பிளாக் கல் வந்திறங்கியது. வீட்டுக்காரர் அதை நான்கு நான்காக மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தது, சாந்து குழைத்தது, மகள் அந்த ஈரச் சிமெண்டில் கால் வைத்தது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பாதி காதில் ஏறவில்லை. காலேஜ் முடித்து இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்தால் எனக்குக் கண் சொருகும்.

வியாழக்கிழமை அக்கா சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் பாக்ஸை வெளியே எடுத்தார். அதற்கடியில், பிளாஸ்டிக் கவருக்குள், நாலாக மடித்த காகிதம். கோர்ட்டு சம்மன். ஆஜராக வேண்டிய தேதியை இரண்டு தரம் படித்தேன்.

"இது எப்பங்க்கா வந்துச்சு?"

"ஆச்சுங்க, ஒரு மாசம். மொதல்லருந்து சொன்னாத்தான உங்களுக்கு வெளங்கும்னு வெச்சிருந்தனுங்க."

"செவ்வாக்கெழமை நீங்க கோர்ட்டுக்குப் போயிருக்கோணுமுங்க்கா."

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. என்னையே பார்த்தார். "செவ்வாக்கெழமை உங்ககிட்டத்தான சொல்லீட்டிருந்தனுங்க, அம்மிணி?" என்றார்.

மணி அடித்தது. அவர் எழுந்து ஓடினார்.

சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வக்கீல் சரவணக்குமார் சார் போனில் கேஸைத் தேடிப் பார்த்தார். சித்ரகலா வரவில்லை, அதனால் அவர் இல்லாமலே விசாரிக்கலாம் என்று கோர்ட்டு முடிவு பண்ணியாயிற்று. வெள்ளிக்கிழமை எதிர்த்தரப்பு சாட்சி, அதற்குப்பிறகு தீர்ப்புதான். பன்னிரண்டு மணிக்குள் மனுவில் அக்கா கையெழுத்து வந்தால் எழுந்து நின்று அந்த முடிவை ரத்து பண்ணச் சொல்லிக் கேட்கலாம், வராவிட்டால் தன்னைக் கூப்பிடவே வேண்டாம் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு இது அன்றைக்கு ஏழாவது கேஸ்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத்தான் தாள்கள் பிரிண்ட் ஆகி வந்தன. ஐந்து பக்க மனு, ஒரு வக்காலத்து. இவர்தான் என் வக்கீல் என்று கட்சிக்காரர் எழுதிக்கொடுக்கிற அந்த வக்காலத்து இல்லாமல் சார் வாயே திறக்க முடியாது. அக்கா கையெழுத்துப் போட வேண்டிய ஆறு இடத்திலும் பென்சிலில் பெருக்கல் குறி போட்டேன். மனுவை மேலே வைத்து, வக்காலத்தை அடியில் வைத்து, ஆபீஸ் முறைப்படி அடுக்கினேன். காலை டீ பதினொரு மணிக்கு, பத்தே நிமிடம். நான் பத்தே முக்காலுக்கே கேட்டுக்கு முன்னால் நின்றேன்.

பதினொரு மணிக்கு மணி அடித்தது. மெஷின் சத்தம் நின்றது. ஒருவரும் வெளியே வரவில்லை.

"ஷிப்மென்ட்டு கண்ணு," என்றார் வாட்ச்மேன் கன்னையன். "இன்னிக்கு டீ உள்ளயே போயிருச்சு."

வெளியாள் யாரையும் விடக் கூடாது என்று உத்தரவாம். போன் பண்ணலாம் என்றால் எல்லோருடைய போனும் அவர் முதுகுக்குப் பின்னால் மர அடுக்கில் கிடக்கிறது. நான் சட்டம் எதுவும் பேசவில்லை.

"அந்தக்காளுக்கு ஊடு போயிருமுங்க," என்றேன். தாள்களை நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார். இரண்டு நிமிடம் யோசித்திருப்பார். அப்புறம் தாள்களையும் என் பேனாவையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அடுக்கில் யாருடைய போனோ அதிர்ந்து அடங்கியது. சாமி, கொஞ்சம் சீக்கிரம் என்று நான் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தேன். மறுபடியும் மணி அடித்து, மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. அதற்குப்பிறகுதான் அவர் வந்தார்.

"சூப்பர்வைசர் வந்து நின்னுட்டான் கண்ணு. முடிஞ்சவரைக்கும் போட்டுட்டாங்க."

பக்கம் பக்கமாகத் திருப்பினேன். ஐந்து கையெழுத்து. இனிஷியலோடு, முழுப்பெயர், ஒவ்வொரு எழுத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிறுத்தி நிதானமாக அக்கா போட்டிருந்தார். ஆறாவது, அடியில் இருந்த வக்காலத்து. என் பென்சில் குறிக்குப் பக்கத்தில் பேனாவை ஊன்றிய ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

சரவணக்குமார் சாரிடமிருந்து போன் வந்தது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. கன்னையன் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார். "சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய உடுவாங்க கண்ணு," என்று கம்பிக்கு நடுவே கை நீட்டி என் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் அதை வாங்கிக்கொண்டு, மூடியைப் போடாமல், அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.